நடுநிலை ஆரவாரம்

கைதட்டுவதற்கும் ஒரு கழகம் வேண்டும் என்ற ஞானம் எங்கள் சங்கரன்கோவிலுக்கு ஒரு பீப்பியால்தான் வந்தது. போன வருடம் மகளிர் கபடிப் போட்டியைத் தொடங்கி வைக்க ஒரு பெரிய மனிதர் வந்தார். முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, "இத்துடன் முன்னுரையை முடித்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்" என்றார். ஆட வேண்டிய பிள்ளைகள் வெயிலில் கருவாடாகக் காய்ந்துகொண்டிருந்தார்கள். அப்போது கூட்டத்தில் யாரோ ஒருவர், ஆடித்தபசுத் திருவிழாக் கடையில் வாங்கிய நீளமான பிளாஸ்டிக் பீப்பியை அவர் காதுக்கு நேராக நீட்டி ஊதிவிட்டார். பெரிய மனிதர் விஷயத்துக்கு வராமலே காருக்குப் போய்விட்டார். ஊருக்கு அந்த நல்ல காரியத்தைச் செய்த ஆள் யாரென்று இன்றுவரை தெரியாது. தெரிந்தால் எங்கள் தறியில் நெய்த துண்டு ஒன்றை நானே அவருக்குப் போர்த்துவேன்.

ஊர் சிரித்துவிட்டு மறந்துவிட்டது. பெரிய மனிதரைச் சுற்றி நின்றவர்கள் மறக்கவில்லை. 'வட்டார விளையாட்டு உற்சாக நெறிப்படுத்தும் கழகம்' பிறந்தது. செயலாளர் கோமதிநாயகம். எங்கேயோ பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் எழுந்தால் கையெழுத்துப் போட ஒன்றுமில்லையே என்ற ஏக்கத்தில் மெலிந்துகொண்டே வந்தவர், கழகம் வந்ததும் கன்னத்தில் சதை பிடித்து நிமிர்ந்துவிட்டார்.

கழகம் சத்தங்களைச் சாதிவாரியாகப் பிரித்தது. வாயால் எழுப்புவது இயற்கை ஒலி. பீப்பி, கிலுகிலுப்பை, காற்றடைத்துத் தட்டும் நீளப் பைகள், மூன்று பிளாஸ்டிக் கைகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் அந்தக் கைதட்டிப் பொம்மை எல்லாம் துணை ஒலி. துணை ஒலிக்குச் சான்று வேண்டும். அதிலும் ஊக்க ஒலிக்குத் தனிச் சான்று, மகிழ்ச்சி ஒலிக்குத் தனிச் சான்று. ஊக்கத்துக்கென்று சான்று வாங்கிய பீப்பியை மகிழ்ச்சிக்கு ஊதினால் பறிமுதல். வருத்த ஒலிக்கு மட்டும் சான்று தேவையில்லை. கழகம் இருக்கிற ஊரில் வருத்தம் தானாக வரும் என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது போலும்.

இதையெல்லாம் கேட்டு நாங்கள் தறிக்கூடத்தில் வயிறு வலிக்கச் சிரித்தோம். இசக்கிப்பாண்டியும் சிரித்தான். அவன் சிரிப்பில் சத்தம் இல்லை, காற்று மட்டும்தான் வரும்.

இசக்கிப்பாண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குப் பக்கத்துத் தறி. விசைத்தறி ஓடும்போது இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் எங்கள் தெருவில் ஆண், பெண், பிள்ளைகள் எல்லோருக்கும் உதட்டைப் பார்த்தே பேச்சைப் படிக்கத் தெரியும். கல்யாண வீட்டில் அந்தக் கோடியில் நின்று எவனாவது சாம்பாரைக் குறை சொன்னால் இந்தக் கோடியில் சண்டை தொடங்கிவிடும். இசக்கிப்பாண்டிக்கு மட்டும் இந்த உதட்டுப் பேச்சு தேவைப்பட்டதே இல்லை. அவன் குரல் அத்தனை தறிச் சத்தத்துக்கும் மேலே ஏறி வரும். அவன் இங்கே தும்மினால் புளியங்குடிச் சந்தையில் எலுமிச்சம்பழம் உருளும் என்போம்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. திருநெல்வேலியில் குரல்வளையை எடுத்துவிட்டு உயிரைத் திருப்பிக் கொடுத்தார்கள். இப்போது கழுத்தின் அடியில் ஒரு துளை. மூச்சு அதன் வழியாகத்தான் போகும், வரும். அதன் மேல் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு மறுபடியும் தறிக்கு வந்துவிட்டான். உதட்டை அசைப்பான், நாங்கள் படித்துக்கொள்வோம். தறிக்கூடத்துக்கு உள்ளே அவனுக்கு ஒரு குறையும் இல்லை. வெளியே போனால்தான் அவன் ஊமை.

அவன் மகள் யோகலட்சுமி எங்கள் ஊர் மகளிர் அணிக்குக் கபடி பாடிப் போகிறவள். எதிரணிப் பக்கம் மூச்சை அடக்கிப் பாடிக்கொண்டே போய் ஆளைத் தொட்டுவிட்டு, நடுக்கோட்டுக்குத் திரும்பி வர வேண்டும். நாலு பேர் மேலே விழுந்து அமுக்கும்போது முகம் மண்ணில் இருக்கும், கண்ணில் புழுதி இருக்கும், கோடு எந்தப் பக்கம் என்று தெரியாது. யோகலட்சுமிக்குத் தெரியும். கோட்டின் முனையில் அவள் அப்பன் நிற்பான். "இங்கன மக்கா! இங்கன!" என்று அவன் போடும் சத்தத்தை நோக்கி அவள் கையை நீட்டுவாள். கை கோட்டில் இருக்கும். பள்ளிக்கூடத்தில் ஆடத் தொடங்கிய நாளிலிருந்து அவள் இப்படித்தான் ஆடினாள். கண்ணால் கோட்டைத் தேட அவள் கற்றுக்கொள்ளவே இல்லை, அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு அடுத்தடுத்த ஆட்டங்களில் அவள் பிடிபட்டாள். இன்னும் ஒரு முழம்தான் இருக்கும், கை வேறு திசையில் துழாவிக்கொண்டிருக்கும். இறுதி ஆட்டத்திலும் இப்படியே ஆடினால் மாநிலத் தேர்வுக்கு அனுப்ப முடியாது என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். அன்று தறி ஓடிக்கொண்டிருக்கும்போது இசக்கிப்பாண்டி என்னைப் பார்த்து உதட்டை அசைத்தான்.

"எந் தொண்டையோட சேத்து எம்மவ ஆட்டத்தையும் அறுத்துட்டானுவ."

"ஏலே, கிறுக்குத்தனமா பேசாத" என்றேன். அறுந்த நூலை முடிவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் பேருந்து நிலையம் பக்கம் சைஃபுல்லா பாயின் பேன்சி கடைக்கு அவனையும் அவன் மனைவி முத்துத்தாயையும் கூட்டிக்கொண்டு போனேன். சைஃபுல்லா துபாயில் பல வருடம் இருந்தவர். அங்கே கால்பந்து பார்க்கிற கூட்டம் என்னென்னவெல்லாம் வைத்துச் சத்தம் போடுமோ அத்தனையும் கடையில் தொங்கும். கழகம் வந்ததிலிருந்து எதுவும் விற்கவில்லை என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இசக்கிப்பாண்டி பழக்க தோஷத்தில் ஒரு பீப்பியை எடுத்து வாயில் வைத்து ஊதினான். கன்னம் உப்பவில்லை. கழுத்தில் இருந்த வெள்ளைத் துணிதான் படபடத்தது.

முத்துத்தாய் சட்டென்று தெருப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சைஃபுல்லா ஒன்றும் நடக்காததுபோலப் பீப்பியை வாங்கி மாட்டிவிட்டு, பரணில் ஏறி எதையோ துழாவினார். பழைய ஐஸ் வண்டிக்காரர்கள் வைத்திருப்பார்களே, பின்னால் ரப்பர் பந்து வைத்த ஹாரன், அதுதான்.

"அண்ணாச்சி, இதுக்கு மூச்சு வேண்டாம். அமுக்கினாப் போதும். மத்ததை அது பாத்துக்கும்."

இசக்கிப்பாண்டி அமுக்கினான். 'பாம்' என்றது. தெருவில் போன ஆடு ஒன்று திரும்பிப் பார்த்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அவன் சொன்ன ஒன்றுக்குத் தெருவில் ஒரு உயிர் திரும்பிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"பிள்ளை ஜெயிச்ச சேதியோட வாங்க, இன்ஷா அல்லாஹ்" என்றார் சைஃபுல்லா.

திருவேங்கடம் சாலையில், பருத்தி எடுத்து முடித்துக் கிடந்த கரிசல் காட்டில் தினமும் சாயங்காலம் பயிற்சி. நானும் முத்துத்தாயும் எங்கள் தெருப் பெண்களும் எதிரணி. யோகலட்சுமியின் கண்ணைத் துணியால் கட்டிக் குப்புறப் போட்டு அமுக்குவோம். கோட்டு முனையில் அவள் அப்பன் ஹாரனை அமுக்குவான். முதல் நாள் அவளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"யப்பா, ஐஸ்காரன் வந்துட்டான்னு எந்திரிச்சு ஓடத் தோணுதுப்பா."

இரண்டாம் நாளும் தடுமாறினாள். அப்புறம் பிடித்துக்கொண்டாள். ஒருநாள் நாங்கள் ஐந்து பேர் மேலே கிடந்தும், மண்புழு மாதிரி நெளிந்து, ஹாரன் வந்த திசையில் கையை நீட்டிக் கோட்டைத் தொட்டுவிட்டாள். தொட்ட கையை எடுக்காமல் அப்படியே அப்பனின் காலைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். "ஒங்க பழைய சத்தத்துக்கு இது எவ்வளவோ தேவலப்பா, காது கிழியல" என்றாள். அவன் குனிந்து அவள் தலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தான். மண் போன பிறகும் தட்டிக்கொண்டிருந்தான்.

இனி சான்று வாங்க வேண்டியதுதான் பாக்கி. இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் அணிப் பிள்ளைகள் எல்லோரையும் ஒரே இடத்தில் தங்க வைத்துவிட்டார்கள். யோகலட்சுமி அங்கே போன பிறகு, நாங்கள் மூவரும் ஹாரனோடு கழக அலுவலகத்துக்குப் போனோம்.

அலுவலகம் ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்கு எதிரே. வாசலில் 'அமைதிப் பகுதி, ஒலி எழுப்பாதீர்' என்ற பலகை. ஊரில் இத்தனை கட்டடம் இருக்க, சத்தத்தைச் சோதிக்கும் அலுவலகத்தை இங்கே ஏன் வைத்தார்கள் என்று கேட்டேன். "அமைதியான சூழலில்தான் ஒலியைப் பற்றி ஆழ்ந்து சிந்திக்க முடியும்" என்றார் கோமதிநாயகம். கையில் ஒலி அளக்கும் கருவி ஒன்றைக் குழந்தையைப் போல ஏந்தியிருந்தார்.

"இங்க அமுக்கக் கூடாதுன்னா எப்பிடி சார் சோதிப்பிய?" என்று கேட்டாள் முத்துத்தாய்.

"ஒலிக்காமல் ஒலியை அளப்பது கழகத்தின் தனிச் சிறப்பு" என்று சொல்லிவிட்டு, ஹாரனின் வாயில் ஒரு கைத்துண்டை அடைத்தார். பந்தை அமுக்கினார். அளக்கும் கருவி மின்விசிறியின் சத்தத்தை அளந்து காட்டியது. அவர் முகம் வாடிவிட்டது.

"கருவியில் ஒலி இல்லையே. ஒலியில்லாத ஒன்றுக்கு உற்சாகக் கருவி என்று எப்படிச் சான்று தருவது? மக்களை ஏமாற்றியதாகாதா?"

"துண்டை எடுத்தா கேக்கும் சார்."

"எடுத்தால் அமைதிப் பகுதியில் ஒலி எழுப்பிய குற்றமாகும். குற்றத்துக்குப் பயன்பட்ட கருவிக்குச் சான்று கிடையாது."

இசக்கிப்பாண்டிக்குப் பொறுமை போய்விட்டது. துண்டை உருவி எறிந்துவிட்டு ஒரே அமுக்கு. 'பாம்!' எதிர் ஆஸ்பத்திரியில் ஒரு பச்சைக் குழந்தை வீறிட்டு அழுதது. கோமதிநாயகம் கோபப்படவில்லை. கையெழுத்துப் போட ஏதோ கிடைத்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் வந்தது.

"இப்போது இரண்டு விஷயங்கள் தெளிவாகிவிட்டன. ஒன்று, கருவி ஒலிக்கிறது. இரண்டு, நீங்கள் விதியை மீறுகிறவர். முதலாவதற்காகப் பாராட்டுகிறேன். இரண்டாவதைப் பரிசீலிக்க வேண்டுமென்றால் விண்ணப்பதாரர் தம் சொந்த வாயால் உறுதிமொழி சொல்ல வேண்டும். 'என் குரலுக்குத் துணையாக மட்டுமே இந்த ஒலியைப் பயன்படுத்துவேன்.' சொல்லுங்கள்."

இசக்கிப்பாண்டி சொன்னான். முத்துத்தாய் அவன் உதட்டைப் பார்த்து ஒரு எழுத்து விடாமல் சத்தமாகத் திருப்பிச் சொன்னாள்.

"இது உங்கள் குரல் அம்மா. எனக்கு வேண்டியது இவருடைய குரல்."

"அந்தக் கொரலு இல்லாமத்தான சார் இந்தக் கருமத்தத் தூக்கிட்டு வந்திருக்கோம்! இவுக மக ஆட்டம் சார். இவுக சத்தம் கேட்டாத்தான் அவளுக்குக் கோடு தெரியும். சாமி கும்புடுத மாதிரி கேக்கேன், ஒரே ஒரு ஆட்டத்துக்கு விடுங்க சார்." முத்துத்தாய் அழுதுவிட்டாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை, ஆபரேஷன் நாளில்கூட.

கோமதிநாயகத்துக்கும் கண் கலங்கியது. அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கெட்டவராக இருந்தால் எப்படியாவது சமாளித்திருக்கலாம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று, எங்கள் மூன்று பேருக்கும் ஒரு சொற்பொழிவு ஆற்றினார்.

"அம்மா, வாழ்நாள் முழுவதும் உத்தியோகம் பார்த்தேன். எனக்காக ஒருவர்கூடக் கைதட்டியதில்லை. பிரிவுபசார விழாவில் தட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அன்று பார்த்து எல்லோர் கையிலும் பஜ்ஜித் தட்டு இருந்தது. ஆகவே ஆரவாரத்தின் அருமை எனக்குத் தெரியும். அது கண்டவர்களுக்கும் கண்டபடி கிடைப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நாளை முதல் நடுநிலை ஆரவாரம் நடைமுறைக்கு வருகிறது. பதிவு செய்த ஆரவாரம் ஒலிபெருக்கியில் இரு அணிக்கும் ஒரே அளவில் வழங்கப்படும். இனி எந்தத் தகப்பனும் தன் பிள்ளைக்காகத் தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்லை. அந்தப் பாரத்தைக் கழகம் ஏற்றுக்கொள்கிறது. உங்கள் கணவரின் நிலையைக் கருணையோடு பரிசீலித்து, அவருக்கு ஆரவாரத்திலிருந்து முழு விலக்கு அளிக்கிறேன்."

"வெலக்கு யாரு சார் கேட்டா?" என்றேன் நான்.

"கேட்காமலே கொடுப்பதுதான் கருணை. விலக்கு பெற்ற பிறகு இவர் போய் ஒலி எழுப்பினால் அந்த விலக்குக்கு என்ன மரியாதை?"

ஹாரனைப் பாதுகாப்பில் வைப்பதாகச் சொல்லி அலமாரியில் பூட்டினார்கள். இசக்கிப்பாண்டியின் சட்டையில் பச்சை நிறத்தில் ஒரு பட்டையைக் குத்திவிட்டார்கள். 'ஆரவார விலக்கு பெற்றவர்' என்று அதில் எழுதியிருந்தது. வெளியே வந்ததும் அவன் எங்களைப் பார்த்து உதட்டை அசைத்தான். "அவட்ட சொல்லாதிய. பிள்ள பயந்துரும்." வேறு ஹாரன் கொண்டுபோனால் ஆயிற்று என்று நானும் தலையாட்டினேன்.

மறுநாள் காலையில் சைஃபுல்லா கடை திறப்பதற்கு முன்னால் வீட்டுக்கே போனோம். இன்னொரு ஹாரன் இல்லை. தம் பைக்கிலிருந்த ஹாரனையும் பேட்டரியையும் கழற்றி ஒரு சாப்பாட்டுத் தூக்குக்குள் வைத்துக் கட்டிக் கொடுத்தார். மைதான வாசலில் அதையும் கண்டுபிடித்துவிட்டார்கள். வாசலில் பீப்பிகளும் பிளாஸ்டிக் கைகளும் குவிந்து கிடந்தன. பெண்களின் வளையல்களுக்கு நூல் சுற்றிவிட்டார்கள். ஒரு கைக்குழந்தையின் கொலுசைக் கழற்றினார்கள். கடைசியில் நடுவர் வந்தார். அவருடைய விசிலுக்கும் சான்று இல்லை. அவர் நாள் முழுக்கக் கையை ஆட்டியே ஆட்டத்தை நடத்தினார்.

கோட்டு முனைக்குப் போக முயன்ற இசக்கிப்பாண்டியைக் கழகத் தொண்டர்கள் இரண்டு பேர் மரியாதையாகப் பிடித்து மேடைக்குக் கூட்டிப்போனார்கள். விலக்கு பெற்றோருக்கு அங்கே தனி நாற்காலி. மேடை இருந்தது எதிரணியான சிவகிரியின் பின்கோட்டுக்குப் பின்னால். அவன் நாற்காலிக்கு அருகில் ஆள் உயரத்துக்கு ஒலிபெருக்கி. யோகலட்சுமி களத்துக்கு வந்ததும் கோட்டு முனையைப் பார்த்தாள். அங்கே கூட்டம் நெருக்கிக்கொண்டு நின்றது. அதற்குள் எங்கேயோ அப்பா நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டிருப்பாள். தலையை ஆட்டிவிட்டுப் போய் நின்றாள்.

கழகத்தின் ஆண்டுக் கூட்டத்தில் டிபன் தயார் என்று அறிவித்தபோது எழுந்த சத்தத்தைத்தான் நடுநிலை ஆரவாரமாகப் பதிவு செய்திருந்தார்களாம். அதைவிட உண்மையான உற்சாகம் அந்தக் கூட்டத்தில் எழவில்லை. சிவகிரிப் பெண் ஒருத்தி தொட்டாலும் அதே ஆரவாரம், எங்கள் பெண் பிடிபட்டாலும் அதே ஆரவாரம். சிவகிரியின் பெண் ஒருத்தி முழங்கால் பிசகிக் கதறியபோதும் ஒலிபெருக்கி ஒரே அளவில் ஆனந்தப்பட்டது. கூட்டம் வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் தொண்டர்கள் பச்சைக்கொடி காட்டினார்கள். பாதிப் பேர் எதற்குக் கத்துகிறோம் என்று தெரியாமல் கத்தினார்கள், மீதிப் பேர் கொட்டாவி விட்டார்கள்.

இருந்தாலும் எங்கள் பிள்ளைகள் விடவில்லை. கடைசிப் பாட்டு யோகலட்சுமிக்கு. ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் வெற்றி. பாடிக்கொண்டே போனாள், மூலையில் நின்றவளைக் காலால் தொட்டாள், சுழன்று இன்னொருத்தியின் தோளைத் தட்டினாள். திரும்புவதற்குள் மொத்தப் பேரும் அவள் மேல் விழுந்தார்கள். புழுதி எழுந்தது. அந்தக் குவியல் ஒருமுறை புரண்டது. அடியில் அவள் குரல் மட்டும் அறுந்துபோகாமல் கபடி கபடி என்று வந்துகொண்டிருந்தது. நடுக்கோடு அவளுக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில்.

அவள் காத்திருந்தாள். எனக்கு அது தெரிந்தது. கையை நீட்டாமல், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஹாரனுக்காகக் காத்திருந்தாள்.

"யோகு! இங்கன! பின்னால!" என்று நான் கத்தினேன். முத்துத்தாய் கத்தினாள். எங்கள் தறிக்கூடமே கத்தியது. அந்த நேரம் பார்த்து நடுநிலை ஆரவாரத்தைத் திறந்துவிட்டார்கள். ஒலிபெருக்கி அலறிய அலறலில் எங்கள் சத்தம் எங்கள் காதுக்கே கேட்கவில்லை.

அவள் காதில் ஒரே ஒரு திசையிலிருந்துதான் சத்தம் விழுந்திருக்கும். புழுதிக்குள்ளிருந்து அவள் கை வெளியே வந்தது. மேடையை நோக்கி நீண்டது. முழங்கையை ஊன்றி, அத்தனை பேரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, கோட்டுக்கு முதுகைக் காட்டி அவள் நகர்ந்தாள். ஒலிபெருக்கியைப் பார்த்து, நாற்காலியில் இருந்த தன் அப்பனைப் பார்த்து நகர்ந்தாள்.

இசக்கிப்பாண்டி எழுந்துவிட்டான். வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினான். வாய் முழுசாகத் திறந்திருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வெள்ளைத் துணி பறந்து கீழே விழுந்தது. தொண்டர்கள் தோளைப் பிடித்து அவனை நாற்காலியில் அமுக்கினார்கள். அவளுக்குக் கண்ணில் மண். எதுவும் தெரிந்திருக்காது. சிரித்துக்கொண்டே வந்தாள், ஐயா. அந்த மண்ணுக்குள்ளும் சிரித்துக்கொண்டே தன் அப்பனிடம் வந்தாள். பாட்டு அறுந்தது. நடுவர் கையை ஆட்டினார். ஒலிபெருக்கி இரண்டு அணிக்கும் சேர்த்து ஆரவாரம் செய்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் எங்கே கிடக்கிறோம் என்று பார்த்ததையும், அப்புறம் மேடையில் யார் இருக்கிறார் என்று பார்த்ததையும் நான் எழுத விரும்பவில்லை. களத்தின் அந்தப் பக்கம் போய், எல்லோரையும் விட்டு விலகி, தனியாக உட்கார்ந்துகொண்டாள்.

பரிசளிப்பு நடந்தது. வென்றவர்களுக்குக் கோப்பை கொடுத்து முடித்ததும் கோமதிநாயகம் மைக்கைப் பிடித்தார்.

"அன்பார்ந்த பெரியோர்களே! வீராங்கனைகளை எந்த ஊரும் பாராட்டும். நல்ல பார்வையாளரைப் பாராட்டும் முதல் கழகம் நம் கழகம். இதோ இந்தப் பெரியவர், தம் சொந்த மகள் ஆடிய ஆட்டத்தில், அதுவும் அவள் தோற்கும் நேரத்தில்கூட, ஆரம்பம் முதல் முடிவுவரை ஒரு சின்னச் சத்தம் எழுப்பவில்லை. என்ன கட்டுப்பாடு! என்ன பண்பாடு! இந்த ஆண்டின் சிறந்த பார்வையாளர் விருதை இவருக்கு வழங்குவதில் கழகம் பெருமை கொள்கிறது."

சால்வை போர்த்தினார்கள். கையில் ஒரு கேடயம் கொடுத்தார்கள். தட்டிக்கொண்டிருந்தவர்களை அமைதிப்படுத்திவிட்டு, கோமதிநாயகம் மைக்கை அவன் வாய்க்கு நேராக நீட்டினார்.

"இரண்டு வார்த்தை பேசுங்கள்."

அவருக்கு அது மறந்துவிட்டிருந்தது. முந்தின நாள்தான் கண் கலங்கி விலக்கு கொடுத்தவர், சத்தியமாக மறந்துபோயிருந்தார்.

இசக்கிப்பாண்டி மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டான். கூட்டத்தைப் பார்க்கவில்லை. களத்தின் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தான். உதட்டை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக அசைத்தான். கழுத்துத் துளையிலிருந்து வந்த மூச்சு மைக்கில் பட்டு, மைதானம் முழுக்கப் புஸ் புஸ் என்று கேட்டது. கோமதிநாயகம் மைக்கைத் திரும்ப வாங்கி, "கழகத்துக்குத் தம் நன்றியைத் தெரிவிக்கிறார்" என்றார். பச்சைக்கொடி ஏறியது, கூட்டம் கைதட்டியது.

எங்கள் தெருக்காரர்கள் ஒருவரும் தட்டவில்லை. எங்களுக்கு அவன் சொன்னது தெரியும். முத்துத்தாய் சேலையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீ தோக்கல மக்கா. நாந்தான் கூப்பிடல."

யோகலட்சுமி எழுந்து நின்றாள். முகத்தில் இன்னும் மண் இருந்தது. அத்தனை கைதட்டலுக்கும் நடுவே, அத்தனை தூரத்திலிருந்து, அவளும் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்து அப்பனுக்குப் பதில் சொன்னாள்.

"கூப்பிட்டியப்பா. எனக்குக் கேட்டுச்சு. வாங்க, வீட்டுக்குப் போவோம்."